வாவித் தோணிக்காரருக்கு உரியது கூலியா, சந்தோசமா?

கிழக்கின் கடல் அடங்கியிருக்கும் ஏப்ரல் தொடக்கம் செப்டெம்பர் வரையிலான மாதங்களில், மட்டக்களப்பு வாவியிலும் பொத்துவில், அறுகம்பே பகுதிகளின் களப்புகளிலும் விடியுமுன்னரே தோணிகள் இறங்கிவிடுகின்றன. அவற்றுள் சில, வலை வீசுவதற்குச் செல்வன அல்ல. தூண்டிலுடன் வந்திருக்கும் உல்லாசப் பயணி ஒருவரை ஏற்றிக்கொண்டு, கொடுவா மீன் பதுங்கும் கண்டல் ஓரங்களைத் தேடிச் செல்வன. மூன்று, நான்கு மணித்தியாலங்களின் பின்னர் தோணி கரை திரும்பியதும் ஒரு சிறிய சங்கடம் நிகழ்கின்றது. பயணி சட்டைப்பையினுள் கையை விடுகின்றார். எவ்வளவு கொடுப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. எவ்வளவு கேட்பதென்று தோணிக்காரருக்கும் தெரியவில்லை. கேட்கலாமா, கூடாதா என்பதே அவருக்கு முதற் பிரச்சினை.

இதனை ஓர் ஆசிரிய தலையங்கத்திற்குரிய விடயமாக எடுத்துக்கொள்வது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். எனினும் நாட்டின் பொருளாதாரம் 2022 இல் நிலைகுலைந்ததன் பின்னர், உல்லாசப் பயணத்துறையே எம்மை மீட்கும் என்று ஆட்சிக்கு வந்தோர் யாவரும் கூறிவந்துள்ளனர். அத்துறையின் பணம் உண்மையில் யாருடைய கையைச் சென்றடைகின்றது என்பதை அறிய வேண்டுமாயின், வாவிக்கரையில் நிகழும் இந்தச் சங்கடத்தைக் காட்டிலும் தெளிவான சான்று வேறில்லை என்பது எமது கருத்தாகும்.

முதலில் மொத்தக் கணக்கைப் பார்ப்போம். 2018 ஆம் ஆண்டில் இலங்கைக்கு 23 இலட்சத்து 33 ஆயிரத்திற்கும் அதிகமான பயணிகள் வந்தனர். அவ்வாண்டின் வருமானம் சுமார் 438 கோடி அமெரிக்க டொலராகும். 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களும் அதனைத் தொடர்ந்த பெருந்தொற்றும் பொருளாதார வீழ்ச்சியும் அந்த எண்ணிக்கையை அடியோடு சரித்துவிட்டன. 2025 இல் அது மீண்டும் 23 இலட்சத்து 60 ஆயிரத்தைத் தாண்டிப் புதிய உச்சத்தைத் தொட்டது. ஆனால் வருமானமோ 320 கோடி டொலர் அளவிலேயே நின்றுவிட்டது. தலைகள் கூடியுள்ளன, பணம் குறைந்துள்ளது. குறைந்த பணத்தைப் பலர் பங்கிடும்போது பங்கீட்டின் கடைசியில் நிற்பவருக்கு என்ன மிஞ்சும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

கடைசியில் நிற்பவர் யார்? விடுதியின் வரவேற்பு மேசையில் இருப்பவர் அல்லர். விடுதிகளிலும் உணவகங்களிலும் பட்டியலுடன் சேர்த்து அறவிடப்படும் 10 சதவீத சேவைக் கட்டணத்தில் அவருக்கு ஏதோ ஒரு பங்கேனும் உண்டு. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில்தருநர் 12 சதவீதமும் ஊழியர் 8 சதவீதமும் செலுத்த வேண்டுமென 1958 ஆம் ஆண்டின் சட்டத்தின் வழியமைந்த ஏற்பாடு அவருக்குக் காப்பாக உள்ளது. கரையில் நிற்கும் தோணிக்காரருக்கு இவை எவையும் இல்லை. அவர் எவருடைய ஊழியரும் அல்லர். விடுதி தொலைபேசியில் அழைத்தால் வருவார். அழைக்காத நாளில் வலையுடன் செல்வார். தேசிய குறைந்தபட்ச சம்பளம் 2026 ஜனவரி முதல் மாதமொன்றுக்கு 30,000 ரூபாவாகவும் நாளொன்றுக்கு 1,200 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டமை வரவேற்கத்தக்கதே. எனினும் தொழில்தருநர் என்று ஒருவர் இல்லாதவிடத்து அந்தச் சட்டத்தை யாரிடம் காட்டுவது?

ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். அரைநாள் மீன்பிடிப் பயணத்திற்கு ஒரு பயணியிடம் 12,000 ரூபா பெறப்படுகின்றது என வைத்துக்கொள்வோம். பயணியை அழைத்துவந்த வாகனச் சாரதிக்குத் தரகு, ஏற்பாடு செய்த விடுதிக்கு அல்லது முகவருக்கு ஒரு பெரும் பகுதி, படகு இன்னொருவருடையதாயின் அதற்கு வாடகை, எரிபொருள் என்று ஒவ்வொன்றாகக் கழிந்தபின் தோணி செலுத்தியவருக்கு 2,000 ரூபாவோ 3,000 ரூபாவோ எஞ்சினால் அதுவே பெரிது. பயணியோ தான் 12,000 ரூபா முழுவதையும் இந்த மனிதருக்கே கொடுத்துவிட்டதாக எண்ணிக்கொண்டிருக்கின்றார். ஆகையால் மேலதிகமாக எதற்குக் கொடுக்க வேண்டும் என்று அவர் நினைப்பதில் தவறில்லை. அவர் ஏன் கொடுக்கவில்லை என்று தோணிக்காரர் மனம் நோவதிலும் தவறில்லை. இருவரையும் ஒருவருக்கொருவர் கஞ்சராகவும் பேராசைக்காரராகவும் காட்டிவிட்டு, தரகர் நிழலில் நிற்கின்றார்.

இந்தக் கொடுப்பனவுக்கு எமது மொழியில் வழங்கும் பெயர்களும் சிந்திக்கத்தக்கவை. 'சந்தோசம்' என்கிறோம். 'இனாம்' என்னும் அரபுச் சொல் வழிவந்த வழக்கும் உண்டு. இரண்டுமே கொடுப்பவரின் மனநிலையைக் குறிக்கின்றனவேயன்றி, பெறுபவரின் உழைப்பைக் குறிக்கவில்லை. அத்துடன் 'சந்தோசம்' என்ற அதே சொல்லையே அலுவலகத்தில் கோப்பை நகர்த்துவதற்குக் கொடுக்கும் கையூட்டுக்கும் பயன்படுத்துகின்றோம் என்பதையும் மறைப்பதற்கில்லை. நன்றியாகக் கொடுப்பதும் நிர்ப்பந்தத்தால் கொடுப்பதும் ஒரே சொல்லினுள் அடங்கிவிட்டதால், எது எதுவென்று பிரித்தறியும் பழக்கமும் எம்மிடையே மங்கிவிட்டது போலும்.

ஆனால் எமது மீனவ சமூகத்தின் மரபு இதுவல்ல. கரைவலையில் பிடிபடும் மீன் பங்காகப் பிரிக்கப்படும். வலைக்குப் பங்கு, தோணிக்குப் பங்கு, இழுத்தவர்களுக்குப் பங்கு. வழியால் போனவர் கயிற்றில் ஒரு கை வைத்தாலும் கறிக்கு மீன் கிடைக்கும். எவரும் அதனை இரந்து பெற்றதாக எண்ணுவதில்லை. உழைத்த கூலியைத் தாமதியாது கொடுத்துவிட வேண்டுமென இஸ்லாம் வலியுறுத்துவதையும் எமது வாசகர்கள் நன்கறிவர். பங்கு என்ற உரிமையில் வாழ்ந்த ஒருவரை, பயணியின் முகம் பார்த்து நிற்கும் நிலைக்கு மாற்றிவிட்டு, அதனை மாற்று வாழ்வாதாரம் என்று திட்ட அறிக்கைகளில் எழுதிக்கொள்கின்றோம்.

இத்தனைக்கும் அவரிடம் உள்ள அறிவு சாதாரணமானதன்று. மட்டக்களப்பு வாவி சுமார் 56 கிலோமீற்றர் நீளமானது. முகத்துவாரம் திறந்திருக்கும் காலத்தில் உவர்நீர் எதுவரை ஏறும், அடைபட்டிருக்கும் காலத்தில் எந்தத் துறையில் நீர் தெளியும், காற்று எந்தப் பக்கம் திரும்பினால் கொடுவா கண்டல் வேர்களைவிட்டு வெளியே வரும், எந்த இடத்தில் இன்னொருவரின் வலை நீரின் கீழ் விரிக்கப்பட்டிருக்கின்றது என்பவற்றை எந்தப் பாடநெறியும் அவருக்குக் கற்பிக்கவில்லை. பூரணை நாட்களின் இரவில் கல்லடிப் பாலத்தருகே துடுப்பின் ஒரு முனையை நீரில் இறக்கி மறுமுனையில் காதை வைத்து, மீன் பாடும் ஓசையைக் கேட்கச் செய்பவரும் அவரே. போர்க்காலத்தில் இதே வாவியில் இரவுத்தொழில் தடைசெய்யப்பட்டிருந்த நாட்களைக் கடந்து வந்தவர்களே இன்று துடுப்புப் பிடிக்கும் மூத்தவர்கள்.

இந்த அறிவுக்குச் சட்டத்தில் உரிய இடமும் இல்லை என்று கூறிவிட முடியாது. 2005 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்க உல்லாசப் பயணத்துறைச் சட்டத்தின் கீழ் அமைந்த அபிவிருத்தி அதிகாரசபை, வழிகாட்டிகளைத் தேசிய வழிகாட்டி, சாரதி வழிகாட்டி, பிரதேச வழிகாட்டி, தல வழிகாட்டி என வகுத்துப் பதிவு செய்கின்றது. வாவித் தோணிக்காரர் பிரதேச வழிகாட்டியாகவோ தல வழிகாட்டியாகவோ பதிவு பெறுவதற்கு மிகவும் பொருத்தமானவர். ஆயினும் விண்ணப்பப் படிவம் தொடங்கி நேர்முகம் வரை கொழும்பை நோக்கியும் வேறு மொழிகளிலும் அமைந்திருப்பின், வாழைச்சேனையிலிருந்தும் காத்தான்குடியிலிருந்தும் பொத்துவிலிலிருந்தும் எத்தனை பேர் அதனை நாடுவார்கள்? தமிழ் மொழியில், அந்தந்த மாவட்டத்திலேயே, வலை காயும் பருவத்தில் நடத்தப்படும் குறுகிய பயிற்சி ஒன்றே இதற்குப் போதுமானதாகும். பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர்களை மாத்திரம் கணக்கில் எடுக்கும் மனப்பாங்கு எம்மிடமும் இருப்பதை, பட்டதாரிகளாகிய நாம் வெட்கத்துடன் ஒப்புக்கொள்கின்றோம்.

பிற நாடுகளின் நிலை என்ன? சந்தோசப் பணத்தின் தாயகம் போன்று கருதப்படும் ஐக்கிய அமெரிக்காவில், ஏரிகளில் மீன்பிடி வழிகாட்டியை அமர்த்துவோர் பயணக் கட்டணத்தின் 15 முதல் 20 சதவீதத்தை மேலதிகமாகக் கொடுப்பது எழுதப்படாத விதி. கொடுக்காதவர் மறுமுறை அந்தப் பக்கம் போவதற்கே கூச வேண்டியிருக்கும். ஆனால் அங்கு இந்த வழக்கம் வேரூன்றிய வரலாறு அழகானதன்று. அடிமை முறை ஒழிந்தபின் புல்மன் புகையிரதப் பெட்டிகளில் பணிக்கு அமர்த்தப்பட்ட கறுப்பினத்தவர்களுக்கு மிகக் குறைந்த சம்பளமே கொடுக்கப்பட்டது. மிகுதியைப் பயணிகளிடம் கையேந்திப் பெறுமாறு விடப்பட்டனர். 1925 இல் ஏ. பிலிப் ரண்டோல்ப் தலைமையில் சங்கம் அமைத்து, பன்னிரண்டு ஆண்டுகள் போராடி, 1937 இலேயே அவர்கள் அந்நிறுவனத்துடன் ஓர் உடன்படிக்கையைப் பெற்றனர். ஆயினும் நோய் தீரவில்லை. சந்தோசப் பணம் பெறும் ஊழியருக்குத் தொழில்தருநர் கொடுக்க வேண்டிய கூட்டாட்சிச் சட்டப்படியான குறைந்தபட்சத் தொகை மணித்தியாலத்துக்கு 2.13 டொலர் என்று 1991 இல் இருந்த நிலையிலேயே இன்றும் உள்ளது. பல மாநிலங்கள் அதனிலும் கூடுதலாக நிர்ணயித்துள்ளன என்பது உண்மையே. 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டம், 2025 முதல் 2028 வரையான ஆண்டுகளுக்குச் சந்தோசப் பணத்தில் 25,000 டொலர் வரை வருமான வரியிலிருந்து கழிக்க இடமளித்தது. சம்பளத்தை உயர்த்துவதற்குப் பதிலாகக் கையேந்துவதற்கு வரிச் சலுகை கொடுத்திருக்கின்றார்கள் என்று அங்குள்ள விமர்சகர்கள் கூறுவதில் நியாயம் இல்லாமலில்லை.

பிரித்தானியா வேறொரு வழியைத் தேர்ந்தது. 2023 இல் இயற்றப்பட்டு 2024 ஒக்டோபர் முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, வாடிக்கையாளர் கொடுக்கும் சந்தோசப் பணத்தையும் சேவைக் கட்டணத்தையும் தொழில்தருநர் தமக்கென எதனையும் கழித்துக்கொள்ளாது ஊழியர்களிடையே நியாயமாகப் பகிர வேண்டும். ஜப்பானிலோ மேலதிகப் பணத்தை நீட்டினால் ஊழியர் தயங்குவார். திருப்பிக் கொடுப்பதும் உண்டு. சொல்லப்பட்ட விலையினுள்ளேயே சிறந்த சேவை அடங்கும் என்பது அவர்களது எண்ணம். இம்மூன்றில் எமக்குப் பொருந்துவது எது என்று எம்மைக் கேட்டால், ஜப்பானின் மனப்பாங்கு உயர்ந்தது, ஆனால் தொலைவிலுள்ளது. பிரித்தானியாவின் சட்டம் கைக்கு எட்டக்கூடியது என்றே கூறுவோம்.

சந்தோசப் பணத்தை மாத்திரம் நம்பும் தொழிலில் இன்னொரு பேராபத்தும் உண்டு. பணம் கொடுப்பவரை மகிழ்விப்பதே நோக்கமாகிவிடும்போது ஒழுங்குவிதிகள் முதலில் பலியாகின்றன. யால சரணாலயத்தில் சிறுத்தை ஒன்று தென்பட்டதாகச் செய்தி பரவினால் ஜீப் வண்டிகள் முண்டியடித்து ஓடுவதை யாவரும் அறிவர். மிரிஸ்ஸையில் திமிங்கிலங்களைப் படகுகள் சூழ்ந்துகொள்வதும் அவ்வாறே. சாரதியோ படகோட்டியோ விலங்குகளின் பகைவர் அல்லர். அருகே கொண்டுசென்று காட்டினால் கையில் கூடுதலாக விழும் என்பதை அனுபவம் அவர்களுக்குக் கற்பித்திருக்கின்றது. வாவியிலும் இதுவே நிகழும். குஞ்சு மீனைத் திரும்ப விடுமாறு சொல்ல வேண்டிய வழிகாட்டி, பயணியின் புகைப்பட ஆசைக்காக மௌனமாக இருப்பார். காற்று எழுந்த பின்னரும் திரும்புவோம் என்று சொல்லத் தயங்குவார். கல்லோயா தேசியப் பூங்காவினுள் அடங்கும் சேனநாயக்க சமுத்திரத்தில் நீந்தும் யானைகளைக் காணச் செல்லும் படகிலும், எவ்வளவு தூரத்தில் நிறுத்துவது என்பதைத் தீர்மானிக்க வேண்டியது விதியேயன்றிப் பயணியின் பணப்பை அல்ல.

படகின் பாதுகாப்புப் பற்றிப் பேசும்போது 2021 நவம்பர் 23 ஆம் திகதி கிண்ணியா, குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்து பாடசாலைச் சிறார்கள் உட்படப் பலர் உயிரிழந்ததை எம்மால் மறக்க முடியாது. அது உல்லாசப் படகு அன்று. பாலம் இல்லாத ஊரின் அன்றாடப் பயணம். எனினும் நீரின் மேல் மனிதரை ஏற்றிச் செல்வோருக்கு அனுமதி யார் கொடுப்பது, உயிர்காப்பு அங்கியை யார் பரிசோதிப்பது என்ற அதே வினாக்கள் வாவிக்கரையிலும் எஞ்சி நிற்கின்றன. அங்கி வாங்கும் செலவை நாளாந்தம் உழைத்து உண்ணும் ஒருவர் தலையில் சுமத்திவிட்டு, விபத்து நேர்ந்தபின் அவரைக் கைது செய்வது எளிதான காரியம்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2024 ஏப்ரலில் கொழும்பு புதுக்கடையில் வெளிநாட்டவர் ஒருவரிடம் கொத்துரொட்டிக்கு 1,900 ரூபா கேட்கப்பட்ட காணொளி உலகமெங்கும் பரவி நாட்டைத் தலைகுனியச் செய்தது. வாவிக்கரையிலும் நாவற்கரையிலும் அத்தகையோர் இல்லை என்று எம்மால் சத்தியம் செய்ய இயலாது. முன்கூட்டிப் பேசிய தொகையைக் கரை திரும்பியபின் இரட்டிப்பாக்குவது, நடுவாவியில் வைத்துப் பேரம் பேசுவது ஆகியவற்றுக்கு வறுமை ஒரு நியாயமாகாது. ஆனால் விலை எங்கும் எழுதப்படாத இடத்தில் ஏமாற்றுபவருக்கும் ஏமாற்றப்படுபவருக்கும் இடையில் நேர்மையானவர் காணாமல் போய்விடுகின்றார் என்பதே எமது கவலை. மேலும், வெளிநாட்டவர் கூடுதலாகக் கொடுப்பார் என்பதால் உள்ளூர்க் குடும்பமொன்று பிள்ளைகளுடன் வந்து தோணி கேட்கும்போது முகம் திருப்பப்படுவதையும் கேள்விப்படுகின்றோம். உள்ளூரவர்களும் தம் பங்குக்கு, நம்மவர்தானே என்று உரிமையுடன் கூலியையே பாதியாக்கப் பார்ப்பதுண்டு.

இவ்வருமானம் எவ்வளவு நொய்தானது என்பதற்கு அண்மைக்கால நிகழ்வுகளே போதும். 2024 ஒக்டோபர் 23 ஆம் திகதி அறுகம்பே தொடர்பில் அமெரிக்கத் தூதரகம் விடுத்த ஒற்றைப் பாதுகாப்பு எச்சரிக்கையுடன் அப்பகுதி ஆட்டங்கண்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாட்டைப் புரட்டிப்போட்டபோது, மீண்டும் அதே அச்சம். விடுதியின் கடனை வங்கி ஒத்திவைக்கும். தோணிக்காரரின் வெறுமையான மாலைப்பொழுதை ஒத்திவைப்பார் எவருமில்லை.

ஆகவே செய்ய வேண்டியது என்ன? முதலில் துறைகளில் விலைப்பலகை வேண்டும். 2025 மே 6 ஆம் திகதிய தேர்தலின் பின்னர் பிரதேச சபைகளும் மாநகர, நகர சபைகளும் மக்கள் பிரதிநிதிகளின் கையில் உள்ளன. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 இலேயே முடிவடைந்த நிலையில், இதனைச் செய்யக்கூடிய மிக அண்மையிலுள்ள அதிகாரம் அவையே. ஒரு பயணத்திற்கு எவ்வளவு என்பதை மாத்திரமன்றி, அதில் தோணி செலுத்துபவருக்குச் சேர வேண்டியது எவ்வளவு என்பதையும் அப்பலகை கூற வேண்டும். அந்த இரண்டாவது வரிக்குத் தரகர்களிடமிருந்து எதிர்ப்பு வரும். வந்தால் பலகை சரியான இடத்தில் நாட்டப்பட்டிருக்கின்றது என்று கொள்ளலாம்.

அடுத்ததாக, தோணிக்காரர்கள் தமது மீனவர் கூட்டுறவுச் சங்கங்களினூடாக முறை வைத்துத் தொழில் செய்ய முன்வர வேண்டும். கடலில் முறை வைத்துக் கரைவலை போடத் தெரிந்த சமூகத்திற்கு இது புதிதன்று. தமிழரும் முஸ்லிம்களும் ஒரே வாவியில், சில துறைகளில் ஒரே கரையில் தொழில் செய்கின்றனர். யாருடைய ஆள் பயணியை முதலில் பிடிக்கின்றார் என்ற போட்டி இரண்டு தனிநபர்களின் சச்சரவாகத் தொடங்கி எங்கே சென்று முடியும் என்பதை இந்த மாவட்டங்களில் வாழ்பவர்களுக்கு நாம் நினைவூட்டத் தேவையில்லை. முறைப் புத்தகம் ஒன்று அத்தகைய பல சச்சரவுகளைத் தடுக்கும். சங்கம் ஒவ்வொரு பயணத்திலும் சிறு தொகையை ஒதுக்கினால் உயிர்காப்பு அங்கிக்கும் காப்புறுதிக்கும் அதுவே ஆதாரமாகும்.

பயணம் செல்லும் எமது வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. தோணியில் ஏறுமுன் தொகையைப் பேசி, எத்தனை மணித்தியாலம், தூண்டிலும் இரையும் யாருடையவை, பிடிபடும் மீன் யாருக்கு என்பவற்றையும் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். நீங்கள் முகவரிடம் கொடுத்த தொகையில் இவருக்கு என்ன கிடைக்கின்றது என்று தயங்காமல் கேளுங்கள். சந்தோசம் கொடுப்பதாயின் விடுதியில் அன்றி அவரது கையிலேயே, ரூபாவிலேயே கொடுங்கள். வெளிநாட்டு நாணயக் குற்றிகளை மாற்றிக்கொடுக்க எந்த வங்கியும் இல்லை. பத்தில் ஒரு பங்கு என்பது எமது நாட்டின் வழமைக்கு ஒத்த அளவு. மழையிலும் காற்றிலும் நனைந்தவருக்கு அதற்குமேல் கொடுப்பது உங்கள் விருப்பம். மீன் அகப்படவில்லை என்பதற்காகக் குறைப்பது மாத்திரம் முறையன்று. வாவியை அவர் அறிவார். மீனின் மனதை அறிவதாக அவர் உங்களிடம் ஒருபோதும் கூறியிருக்க மாட்டார்.